கல் தலையணை

பாக்கியசாமிக்கு லில்லியை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்வார். பத்தும் பொய். உண்மையான காரணம் ஒன்றுதான். அவள் வந்து சேர்ந்த பிறகு, நூல்நிலையத்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் "பாக்கியசாமி சார் இருக்காரா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். "லில்லியம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மனுஷனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

செஞ்சியில், ராஜகிரிக் கோட்டைக்குப் போகிற பாதையோரம் இருந்த ஓட்டுக் கட்டடம் அது. அரசாங்க இலாகா ஒன்றின் நூல்நிலையம். கோட்டை, குகை, கல்வெட்டு என்று பழையதை எல்லாம் பார்த்துக்கொள்கிற இலாகா. பூனாவிலிருந்து ஒரு புரொபசர், தஞ்சாவூரிலிருந்து ஒரு பென்ஷன்காரர், இன்னும் எங்கெங்கோ இருப்பவர்கள் தபாலில் கேள்வி அனுப்புவார்கள். சீயமங்கலத்துக் குகைக் கோயிலில் தூண் எப்படி இருக்கிறது, இன்ன ஊர்க் கல்லில் இன்ன பெயர் வருகிறதா என்று. புத்தகத்தைப் புரட்டி, கல்வெட்டுகளின் மைப்படிகளை விரித்துப் போட்டு, தேவைப்பட்டால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நேரிலேயே பார்த்துவிட்டு வந்து பதில் எழுதுவது பாக்கியசாமியின் வேலை. நேரில் வருகிறவர்களுக்கு மேஜை, நாற்காலி, கேட்ட புத்தகம். மாதம் ஒரு முறை ஊர் ஜனங்களுக்கு ஒரு கூட்டம், யாராவது படித்தவர் வந்து பேசுவார்.

எந்தக் காலத்திலோ அதிகாரம் பண்ணிய ஒரு துரை இரண்டு விதிகளைப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். வந்த கேள்வியைத் திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் வந்த கேள்விக்கு முதலில் பதில். பாக்கியசாமிக்கு அந்தப் பலகை கிட்டத்தட்ட வேதம். ஒரு தடவை ஜமீன் ஆள் ஒருவர் வந்து, "எங்க எஜமான் கேட்டதை முதல்ல பாருய்யா" என்று மிரட்டியபோது, பலகையைக் கையால் காட்டிவிட்டுத் தஞ்சாவூர்ப் பென்ஷன்காரரின் கேள்விக்கே பதில் எழுதிக்கொண்டிருந்தாராம். இந்தக் கதையை அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

புத்தகங்களை அவர் ஊர்வாரியாக அடுக்கி வைத்திருந்தார். மேல்மலையனூர்ப் பக்கத்துச் சங்கதியெல்லாம் ஜன்னலோரம். சீயமங்கலம் அதற்கு அடுத்த அலமாரி. தொண்டூர், கதவுக்குப் பின்னால். இந்தக் கணக்கு அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அதனால் அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் நூல்நிலையமும் படுத்துக்கொள்ளும். சூப்பிரண்டு தாண்டவராயனே ஆள் அனுப்பி, "அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் எங்கய்யா இருக்கு?" என்று கேட்பார். காய்ச்சலிலும் பாக்கியசாமிக்கு அது கேட்க இனிமையாக இருக்கும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் சென்னையிலிருந்து லில்லி வந்தாள். நூல்நிலைய வேலைக்கென்றே படித்த பெண். வந்த சூட்டோடு ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதினாள். அட்டைகளை அகர வரிசையில் இழுப்பறைக்குள் அடுக்கினாள். அவ்வளவுதான். இப்போது யார் வேண்டுமானாலும் இழுப்பறையைத் திறந்து, அட்டையைப் பார்த்து, நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். பாக்கியசாமியின் பதினோரு வருஷத்து மரியாதையை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

திமிராக இருந்தாலாவது சண்டை போடலாம். அவள் "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே வந்தாள். "இந்தக் கல்வெட்டு எந்த ஊருது அண்ணே? உங்களுக்குத்தான் தெரியும்." அதைக் கேட்டால் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதுபோல் கஷ்டம் வேறு இல்லை. திட்டக்கூட வழியில்லாமல் அது உள்ளேயே கிடந்து வேகும்.

இது போதாதென்று, புதன்கிழமை மத்தியானம் பெண்களுக்கு என்று ஒரு புதுத் திட்டம் ஆரம்பித்தாள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் வரலாம், படம் பார்க்கலாம், வாயால் கேள்வி கேட்கலாம். வரிசையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது யார்? பாக்கியசாமியின் மனைவி ராயம்மாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தக் கட்டடத்துப் படியேறாதவள்.

"எங்க ஊரு மலைய செவுத்துல காட்டுச்சிங்க அந்தப் பொண்ணு!" என்றாள் ஒரு புதன்கிழமை, களிக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே. அவள் பிறந்தது தொண்டூரில். "ஜன்னலுக்குக் கம்பளியக் கட்டி இருட்டாக்கிட்டு, அந்த விளக்குல கண்ணாடியச் சொருவுனா, அப்பிடியே எங்க மலை! நாங்க கொயந்தையில ஏறிப் படுத்துப் பொரண்ட கல்லுப் படுக்கைங்க. ஒரு சின்னக் கல்லு கூட அப்பிடியே இருக்குது."

"அந்தக் கண்ணாடிப் படமெல்லாம் நான் எழுதிப் போட்டு வரவழைச்சது" என்றார் பாக்கியசாமி.

"அப்ப ஏன் நீங்க எனக்கு ஒரு நாளும் காட்டல?"

அவர் களியை உருட்டி விழுங்கினார்.

"நான் ஒண்ணு கேட்டேங்க அதுகிட்ட" என்று அவள் தொடர்ந்தாள். "அக்கா, இது எனக்குத் தெரியாது, அண்ணனத்தான் கேக்கணும்னு சொல்லிச்சி."

"இன்னா கேட்ட?"

ராயம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எப்பவோ உங்களக் கேட்டதுதான். வுடுங்க."

அவர் மேலே கேட்கவில்லை. என் பெண்டாட்டி தன் கேள்வியை அவளிடம் கொண்டுபோனாள் என்பது மட்டும்தான் அவர் காதில் நின்றது. மற்றதெல்லாம் எங்கோ போய்விட்டது.

அந்த மாதம் சூப்பிரண்டு இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "சென்னையிலேர்ந்து பெரிய ஆபீசர் வர்றார். மாசக் கூட்டத்துல தொண்டூர்க் கல்படுக்கை பத்திப் படத்தோட ஒரு பேச்சு இருக்கணும்னு உத்தரவு. லில்லி, ஏற்பாடெல்லாம் நீ பாத்துக்கம்மா."

பாக்கியசாமி அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். சூப்பிரண்டு பொடி டப்பாவைத் தட்டி ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். அடுத்த வாக்கியம் வரவில்லை.

தொண்டூர் அவருடையது. அந்தக் குன்றுக்கு எத்தனை தடவை சைக்கிள் மிதித்திருப்பார்! ஜைன முனிவர்களின் ஒவ்வொரு கல்படுக்கையையும் மண்டியிட்டு அளந்தவர் அவர். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து மைப்படி எடுத்தவர் அவர். மற்றவர்கள் பேசுவதற்கெல்லாம் இத்தனை காலம் விஷயம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை தான் நிற்க வேண்டும், அதுவும் தொண்டூருக்காக நிற்க வேண்டும் என்பது அவர் யாரிடமும் சொல்லாத ஆசை. ராயம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அதையும் அந்தப் பெண் கொண்டுபோகிறாள்.

ஊரில் ஒட்டிய நோட்டீசில் பெயர் இல்லை. சிப்பந்திகளின் பெயரை அச்சில் போடுவது இலாகா வழக்கமில்லை. 'நூல்நிலையத்தார் உரை' என்று மட்டும் இருந்தது. லில்லி தினமும் வந்து கேள்வி கேட்டாள். "எந்தப் படம் மொதல்ல வந்தா நல்லாருக்கும் அண்ணே? படுக்கையா, மலையா?" "மலை" என்பார் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கப்புறம்?" "ஏறுற வழி." பேசப்போவது அவள், விஷயம் மட்டும் என்னுடையதா என்று உள்ளே பொருமுவார். பதில் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பலகையில் துரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே.

கூட்டத்துக்கு முந்தின நாள் அந்தக் காரியத்தைச் செய்தார். கண்ணாடிப் படங்கள் இருந்த மரப்பெட்டியை எடுத்தார். நூல்நிலையத்துக்குள்ளேயே எங்காவது செருகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். எங்கே செருகுவது? மூலை முடுக்கு விடாமல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, ஒரு பெட்டியை ஒளிக்கக்கூட இடமில்லாமல் செய்து வைத்திருந்தாளே! அதற்கும் அவள்மேல் கோபம் வந்தது. பெட்டியைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் பாய்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

படம் இல்லாவிட்டால் அவள் என்ன பேசுவாள்? திருதிருவென்று விழிப்பாள். அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பெட்டியை மறுநாள் காலையில் திருப்பி வைத்துவிடலாம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பொழுது சாயும்போது கூடம் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார்கள், கடைக்காரர்கள், கமிட்டிக்காரர்கள். ஒரு பக்கம் புதன்கிழமைப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ராயம்மாளை மட்டும் இன்னும் காணோம். கியாஸ் விளக்கு புஸ்ஸென்று எரிந்தது. ரேஷனில் மிச்சம் பிடித்த மண்ணெண்ணெயைப் படவிளக்குக்கு ஊற்றி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் பெரிய ஆபீசர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

லில்லி அலமாரியைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். கீழ்த்தட்டைப் பார்த்தாள், பக்கத்து அலமாரியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போவதைப் பாக்கியசாமி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம் நீடித்திருக்கும்.

"பெட்டியக் காணோம் சார்" என்றாள் சூப்பிரண்டிடம்.

தாண்டவராயன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "சர்க்கார் சொத்தும்மா அது! உன் பேர்ல இருக்கிற பொருள். காணோம்னா வேலை போயிடும், தெரியுமில்ல?"

வேலை போய்விடும் என்பது பாக்கியசாமியின் கணக்கில் இல்லாத விஷயம். அவர் நினைத்தது ஒரு திருதிரு முழி, கொஞ்சம் சிரிப்பு, அவ்வளவுதான்.

"எம்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க சார்" என்றாள் லில்லி. "ஆனா கூட்டத்த நிறுத்த வேணாம். படம் இல்லேன்னா என்ன? அண்ணன் பேசுனா போதும். அவருக்கு அந்த மலை மனப்பாடம்."

"யாரு?" என்றார் பாக்கியசாமி.

"என்னய்யா யாருங்கிறீர்?" சூப்பிரண்டு அவர் பக்கம் திரும்பினார். "நீர்தானே பேசறது!"

"எங்கிட்ட யாரும் சொல்லலியே சார்..."

"இதை வேற சொல்லணுமா? தொண்டூரைப் பத்தி உம்மைத் தவிர வேற எவன்யா பேசுவான்? பதினோரு வருஷமா உம்ம மடியில இருக்கிற ஊரு. அதனாலதான் படம் ஏற்பாட்டை மட்டும் இந்தப் பொண்ணுகிட்டக் குடுத்தேன்."

லில்லி திகைத்துப் போய் அவரைப் பார்த்தாள். "நீங்க எந்த வரிசையில பேசுவீங்கன்னுதானே அண்ணே நான் தெனமும் கேட்டேன்? உங்க பேச்சுக்குத் தகுந்த மாதிரி படத்த அடுக்கத்தானே?"

பாக்கியசாமி வாசல் பக்கம் பார்த்தார். ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவரலாம். கொண்டுவந்தால், எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்பார்கள். கொண்டுவராவிட்டால் இந்தப் பெண்ணின் சோறு போய்விடும். தான் ஆசைப்பட்ட வெள்ளைத் திரை கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அதன் பக்கத்தில் போய் நிற்கக் கால் வரவில்லை. பெரிய ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் ராயம்மாள் உள்ளே வந்தாள். கக்கத்தில் ஒரு பாய். இடுப்பில், தண்ணீர்க் குடம்போல அணைத்தபடி, அந்த மரப்பெட்டி. கூட்டத்தில் உட்காரப் பாய் எடுக்கப் பரணில் ஏறியிருக்கிறாள். தன் ஊர் மலை இருந்த பெட்டியை அவளுக்கு அடையாளம் தெரியாதா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே முன்னால் வந்தாள். "மன்னிச்சிக்குங்க சார், நேரமாயிடுச்சி" என்றாள் சூப்பிரண்டிடம், எல்லோர் காதிலும் விழும்படி. "பெரிய ஆபீசரு வர்றாரு, கண்ணாடியில தூசி தும்பு இருக்கக் கூடாதுன்னு இவருதான் வூட்டுக்கு எடுத்தாந்து தொடைக்கச் சொன்னாரு. தொடச்சி முடிக்க இவ்ளோ நேரம்."

கூடத்தில் ஒரு நிம்மதிச் சிரிப்பு ஓடியது. பெரிய ஆபீசர் தலையை ஆட்டினார். "சர்க்கார் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிற சிப்பந்தியை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சபாஷ்!"

எத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கியிருப்பார்! அது வந்தபோது வாயில் வேப்பங்காய் மாதிரி இருந்தது.

லில்லி பெட்டியை வாங்கிக்கொண்டாள். முந்தின நாள் அத்தனை கண்ணாடியையும் அவளே துடைத்து வைத்திருந்தாள். பாக்கியசாமியை ஒரு முறை பார்த்தாள். பிறகு ராயம்மாளைப் பார்த்தாள். "தேங்க்ஸ் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கைப் பற்றவைக்கப் போனாள்.

ராயம்மாள் கணவனைத் தாண்டும்போது அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "பரண்ல எலி ஜாஸ்தி. ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிருந்தா அந்தப் பொண்ணு கதி இன்னா ஆயிருக்கும்?"

கியாஸ் விளக்கைத் தணித்தார்கள். திரையில் தொண்டூர் மலை எழுந்தது. பாக்கியசாமி பேசினார். முதலில் தடுமாறினார். ஏறுகிற வழியின் படம் வந்ததும் குரல் தானாகக் கூடிவந்தது. லில்லி ஒரு படம்கூட முந்தாமல் பிந்தாமல் மாற்றினாள். அவர் வாயிலிருந்து சொல் விழுகிற இடத்தில் கல் வந்து நின்றது. வீடு, வாசல், உறவு, ஊண், உடை எல்லாவற்றையும் உதறிவிட்டு அந்தக் குன்றில் வந்து தங்கிய ஜைன முனிவர்களைப் பற்றிச் சொன்னார். அவர்கள் படுத்த படுக்கையின் நீளம், அகலம், வழவழப்பு, எல்லாம் சொன்னார். கடைசிப் படமாக ஒற்றைக் கல்படுக்கை திரையில் நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

பேச்சு முடிந்ததும் கேள்வி. அங்கேயே பதில் சொல்ல முடியாத கேள்வி என்றால், கேட்டவர் பெயர், ஊர், தேதி எழுதிக்கொண்டு, தேடிப் பார்த்து, முறைப்படி பதில் தர வேண்டும். அதுதான் அங்கத்திய வழக்கம். வாத்தியார் ஒருவர் ஏதோ கேட்டார். பாக்கியசாமி நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிட்டார்.

பெண்கள் பக்கத்தில் ராயம்மாள் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சார்" என்றாள். அவரைத்தான். "எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தவங்கன்னு சொன்னீங்க. கட்டுன துணியக்கூட வாணாம்னவங்க. செரி. அப்புறம் எதுக்கு அந்தக் கல்லுல தலையணை செதுக்கி வச்சிக்கினாங்க?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். படுக்கையின் தலைமாட்டில், கல்லிலேயே, தலையணை மாதிரி ஒரு மேடு.

பாக்கியசாமிக்கு அந்த மேட்டின் உயரம் தெரியும். தானே அளந்தது. அது எதற்கு என்று மட்டும் அவர் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் இந்தக் கேள்வி அவர் காதில் முன்பே ஒரு முறை விழுந்திருக்கிறது. கல்யாணமான புதிதில், புதுப்பெண் ராயம்மாள் இதையேதான் கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் ஆபீசில் சொல்லியும் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் அந்த மலையைப் பற்றி எதையும் கேட்டதில்லை. பூனாவுக்கும் தஞ்சாவூருக்கும் பக்கம் பக்கமாக எழுதிப் போட்ட மனுஷன், தன் வீட்டில் வந்த கேள்வியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

இவ்வளவையும் விட்டவர்களுக்கும் தலைக்குக் கொஞ்சம் உயரம் வேண்டியிருந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அது எந்தப் புத்தகத்திலும் பார்த்த பதில் அல்ல. இந்த ஒரு மாதமாகத் தான் பட்ட பாட்டிலிருந்து வந்தது. அதை எப்படிச் சொல்வது? அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியலீங்கம்மா" என்றார். "தேடிப் பாத்துச் சொல்றேன்."

மேஜைமேல் இருந்த சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். வழக்கப்படி கேட்டாக வேண்டும். "பேரு? ஊரு?"

"ராயம்மா. தொண்டூரு."

எழுதினார். தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியையும் எழுதினார்.

"அது தப்புங்க சார்" என்றாள் ராயம்மாள், நின்ற இடத்திலிருந்தே. "நான் கேட்டது இன்னிக்கி இல்ல. எனக்குக் கண்ணாலம் ஆன வருசம்."

சிரிப்பு கூடத்தின் ஓடுவரைக்கும் போயிற்று. பெரிய ஆபீசர்கூடச் சிரித்துவிட்டார். படவிளக்குக்குப் பின்னாலிருந்து லில்லி மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப பூனாக்காரருக்கு முன்னாடி இதான் அண்ணே மொதல்ல."

பாக்கியசாமி தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு சீட்டில் எழுதிய தேதியை அடித்துவிட்டு, தன் கல்யாண வருஷத்தை எழுதினார்.